தண்ணி பட்டாலும் போகாது

"அத்த செத்துட்டாங்களா, வித்துட்டாங்களா?" என்று நிவேதிதா ஒருமுறை கேட்டாள். அப்போது அவளுக்கு ஏழு வயது.

முகப்பேரில் ஹவுசிங் போர்டு குடியிருப்புக்குள், மூடிக்கிடந்த ஒரு பால் பூத்தின் மாடியில் ஓவியர்கள் சேர்ந்து நடத்தும் கூட்டுறவுக் கூடம் இருக்கிறது. நவராத்திரிக்கு அங்கே கண்காட்சி. அவளுடைய அப்பா கோவிந்தராஜ் வரைந்த அத்தையின் படம் நடுச் சுவரில் தொங்கியது. விற்றுப்போன படத்துக்கு அடையாளமாக வட்டமான சிவப்புச் சீட்டு ஒட்டுவார்கள். பெயர் எழுதிய அட்டையில்தான் ஒட்ட வேண்டும். அட்டை ஈரத்தில் உரிந்து விழுந்திருந்ததால் யாரோ படத்தின் மேலேயே, அதுவும் நெற்றிக்கு நேராக, ஒட்டிவிட்டார்கள். நிவேதிதாவுக்குத் தெரிந்து பொட்டு வைத்த படம் ஒன்றே ஒன்றுதான். அது வீட்டுச் சாமி மாடத்துக்குப் பக்கத்தில் தொங்கும் தாத்தாவின் படம். அவள் பிறப்பதற்கு முன்பே அவர் போய்ச் சேர்ந்துவிட்டார்.

கூடத்தில் இருந்த எல்லோரும் சிரித்தார்கள். எல்லோரையும்விட அத்தை நாகம்மா பெரிதாகச் சிரித்தாள். "செத்தும் போவல, இன்னும் யாரும் என்னை வாங்கிகினும் போவல. இங்கதான் கீறேன், பாத்துக்கோ" என்று குழந்தையின் கன்னத்தைக் கிள்ளினாள். பிறகு யாரும் பார்க்காதபோது அந்தச் சீட்டை நகத்தால் நெம்பி எடுத்து, படத்தின் மூலையில் ஒட்டினாள். உயிரோடு இருக்கிறவள் நெற்றியில் எதற்கு வம்பு!

கோவிந்தராஜ் ஓவியர் என்று தன்னைச் சொல்லிக்கொள்ள மாட்டான். அம்பத்தூர் எஸ்டேட்டில், மின்சாரப் பலகைப் பெட்டிகளுக்கு வண்ணம் ஏற்றும் பட்டறையில் அவனுக்கு வேலை. பெட்டிக் கதவுத் தகட்டைத் தொங்கவிட்டு, பவுடர் வண்ணத்தைத் துப்பாக்கியால் தூவி, அடுப்புக்குள் அனுப்பி எடுப்பார்கள். ஒரு சின்னப் புள்ளி கொப்பளித்தாலும் அந்தக் கதவு கழிவு. கழிந்த தகடுகளை முதலாளி அவனுக்குக் கொடுத்துவிடுவார். பால் நிறத்தில், நான்கு மூலையிலும் திருகாணித் துளையோடு இருக்கும் அந்தத் தகட்டின்மேல்தான் அவன் எனாமலால் படம் போடுவான். கூட்டுறவில் இருபத்திரண்டு பேரில் தகட்டில் வரைகிறவன் அவன் ஒருவனே.

நாகம்மா அவனுக்குப் பதினொரு வயது மூத்தவள். அம்மா போன பிறகு அவனைப் பள்ளிக்கூடம் அனுப்பியவளும், பிறகு பட்டறையில் கொண்டுபோய்ச் சேர்த்தவளும் அவள்தான். புருஷன் போய்விட்டான், பிள்ளை இல்லை. கள்ளிக்குப்பத்தில் அதே வீட்டின் பின்கட்டில் இருக்கிறாள். கம்ப்யூட்டர் கம்பெனி ஒன்றின் மூன்றாவது மாடியில் பெண்கள் கழிப்பறையைச் சுத்தம் செய்கிற வேலை, பதினெட்டு வருஷமாக. இரண்டு பேர் போய்வந்தால் ஒருமுறை துடைக்க வேண்டும். நடுவில் உட்கார, உள்ளேயே ஒரு பிளாஸ்டிக் ஸ்டூல்.

படம் போடுகிறேன் என்று தம்பி சொன்னபோது முதலில் திட்டினாள். "போடா, உனக்கு வேற மூஞ்சி கெடைக்கலியா? ஆட்டோ ஸ்டாண்டு பக்கம் எவனாச்சும் அழகா குந்திகினு இருப்பான், அவனைப் போடு." மறுநாள் காலை தானே வந்து நின்றாள்.

"போடறதுன்னா சேர்ல உக்காந்தாப்புல போடு. ஸ்டூலு வேணாம்."

"சரிக்கா."

"கை வெச்ச சேரு. கையில ஒண்ணும் குடுக்காத. துடப்பம், வாளி, பூவு, ஒண்ணியும் வேணாம். சும்மா கீற மாதிரி போடு."

"சும்மா இருந்தா நீயா அது?" என்றாள் கோவிந்தராஜின் மனைவி எழிலரசி.

"படத்துலயாச்சும் இருந்துட்டுப் போறேன், வுடேன்."

தையல்கடையிலிருந்து கை வைத்த நாற்காலி ஒன்றை இரவல் வாங்கிவந்தார்கள். ஐந்து ஞாயிற்றுக்கிழமை உட்கார்ந்தாள். முதல் வாரம் பழுப்பு நிறப் புடவையோடு வந்தவள் இரண்டாம் வாரம் பச்சைப் பட்டு கட்டிக்கொண்டு வந்து, "இதுக்கு மாத்திடு" என்றாள். அவன் முழுவதையும் சுரண்டி எடுத்து மறுபடி போட்டான். மடியில் இரண்டு கைகளும் வெறுமனே கிடக்கும். விரல் நுனிகள் ஆசிட்டில் வெளுத்துத் தோல் உரிந்திருப்பதை மறைக்கட்டுமா என்று கேட்டான். யோசித்துவிட்டு, "அது என் கையிதான? அப்டியே வெய்யி" என்றாள்.

கண்காட்சிக்கு சென்னீர்குப்பத்தில் புதிதாகத் திறந்த ஓட்டலிலிருந்து ஒருவன் வந்தான். பெங்களூர் நெடுஞ்சாலையில், குளிர்பதனக் கூடத்துக்கு உள்ளே ஓலைக் கூரை வேய்ந்து, பைபரில் மாட்டுவண்டி செய்து நிறுத்தியிருக்கும் ஓட்டல். சுவரெல்லாம் பார்த்துவிட்டு இரண்டு படங்களை எடுத்தான். ஒன்று நாகம்மா. இன்னொன்று, ஆவடி ராணுவத் தொழிற்சாலையில் ஓய்வுபெற்ற சிவராமன் மரப்பலகையில் வரைந்து வார்னிஷ் அடித்திருந்த தலைப்பாகைக் கிழவர். கோவிந்தராஜிடம் அவன் கேட்டது ஒரே கேள்விதான்.

"தண்ணி பட்டா போகுமா?"

"அம்பது வருஷம் ஆனாலும் போகாதுங்க. மேல ஊத்தித் தொடச்சிக்கலாம்" என்றான் கோவிந்தராஜ், பெருமையாக.

*

ஆயுத பூஜை கழிந்து மூன்று வாரம். பெரிய ஆர்டர் ஒன்று முடிந்ததற்காகப் பட்டறை முதலாளி சனிக்கிழமை மதியம் எல்லோரையும் அந்த ஓட்டலுக்கே கூட்டிப்போனார். வேன் போய் நின்றதுமே கோவிந்தராஜின் கண் தேட ஆரம்பித்துவிட்டது. வாசலில் இல்லை. கல்லாவுக்குப் பின்னால் இல்லை. மாட்டுவண்டிக்குப் பக்கத்தில் சிம்னி விளக்குதான் தொங்கியது. பிரியாணி வந்தது. எலும்புக் குழம்பு வந்தது. பக்கத்தில் இருந்தவன், "இன்னா மாமே, எலயில கீறதைத் துன்னாம சொவத்தைத் துன்னுகினு கீறே?" என்றான்.

கை கழுவ எழுந்து போனான். கைகழுவும் தொட்டியும் கழிப்பறைக்கு உள்ளேதான். ஒடுங்கிய சந்து, எதிரெதிரே இரண்டு தள்ளுகதவுகள். ஒன்றில் தலைப்பாகைக் கிழவர், கீழே 'அப்பாரு' என்று எழுத்து. இன்னொன்றில் அவன் அக்கா. கீழே 'ஆத்தா'.

நான்கு துளைக்கும் நான்கு திருகாணி. கச்சிதமாக உட்கார்ந்திருந்தது.

சாப்பிட்ட கையோடு வருகிறவர்கள் கதவை எப்படித் தள்ளுவார்கள்? முழங்கையால் சிலர். மணிக்கட்டால் சிலர். பலர் குழம்புக் கையாலேயே. அவன் பார்த்துக்கொண்டிருக்கும்போதே நன்றாக உடுத்திய ஒரு பெண், கைப்பேசியில் பேசிக்கொண்டே, மசாலா ஒட்டிய கையை நாகம்மாவின் முகத்தில் வைத்துத் தள்ளிக்கொண்டு உள்ளே போனாள். கதவு ஆடி நின்றது. வாயிலிருந்து மோவாய் வரை எண்ணெயும் ஒரு சோற்றுப் பருக்கையும். உள்ளிருந்து பினாயிலும் மூத்திரமும் கலந்த வாடை, கதவு ஆடும்போதெல்லாம் வந்தது. அடுத்தவள் வந்தாள். அதற்கடுத்து ஒரு குழந்தை ஓடிவந்து காலால் உதைத்தது. மடியில் கிடந்த கைகளின் மேல் அழுக்குத் தடம்.

அவன் கை கழுவாமலே அங்கேயே நின்றான்.

"இன்னா சார், லேடீஸ் பக்கம் நின்னுகினு வெறிச்சிப் பாத்துகினு கீறே? அந்தாண்ட போ" என்றான் காவலாளி.

"இது எங்கக்கா" என்றான் கோவிந்தராஜ்.

"அக்கா உள்ள போயிருந்தா வெளியில வருவாங்க. அங்க வாசல்ல நில்லு சார்."

*

வீட்டுக்கு வந்தவன் எழிலரசியிடம் சொன்னான். அவள் அரிசி களைந்துகொண்டிருந்தாள். களைந்த தண்ணீரைக் கொட்ட மறந்து நின்றாள்.

"கதவுலயா?"

"கதவுல."

"எந்தக் கதவுன்னு அண்ணிக்குத் தெரிஞ்சா..." அவள் முடிக்கவில்லை.

அதற்குள் பின்கட்டிலிருந்து நாகம்மாவே வந்துவிட்டாள், கிண்ணத்தில் கருவாட்டுக் குழம்போடு. "இந்தா, மழைக்கு நல்லா இருக்கும். இன்னாடா மூஞ்சி பேயறைஞ்சாப்புல கீது? அந்த ஓட்டலுக்குத்தான போய்ட்டு வந்தீங்க? என்னை எங்க மாட்டிகீறான்?"

கோவிந்தராஜ் கிண்ணத்தை வாங்கி மூடியைத் திறந்து பார்த்தான். மறுபடி மூடினான்.

"கூட்டம்கா. சரியா பாக்கல."

"கண்ணு அவிஞ்சா போச்சு? அம்மாம் பெரிய தகடு. சரி வுடு, புதன்கெழம எனக்கு லீவு. எங்க டூட்டியில ரெண்டு பேரு, பாக்கணும் பாக்கணும்னு உசிரை வாங்குறாளுங்க. கூட்டிகினு போய், ஆளுக்கொரு காப்பி குடிச்சிகினே பாத்துட்டு வரப்போறோம். பச்சப் பட்டையே கட்டிகினு போறேன். அவனுங்களுக்கு ஆளு அடையாளம் தெரியணும்ல?"

அவள் போன பிறகு எழிலரசி, "சொல்லிடுங்க" என்றாள்.

"எப்டி சொல்றது? நீயே சொல்லு பாப்பம். வாயில வருதா?"

குழம்பை அன்று யாரும் தொடவில்லை. பெற்றவளைப் போல வளர்த்தவளிடம் பொய் சொல்லிவிட்டு அவள் கொடுத்ததைச் சாப்பிடுவது அவ்வளவு சுலபமில்லை.

*

மறுநாள் ஞாயிறு, கூட்டுறவின் மாதக் கூட்டம். வெளியே ஐப்பசி மழை. கூடத்தின் மூலையில் ஒழுகும் இடத்துக்குக் கீழே வாளி வைத்திருந்தார்கள். பதினேழு பேர் வந்திருந்தார்கள். இவர்களெல்லாம் கெட்டவர்களா என்றால் இல்லை. கோவிந்தராஜ் டெங்குவில் கிடந்தபோது முறை வைத்து மருத்துவமனைக்குச் சோறு கொண்டுவந்தவர்கள்தான். அதனால்தான் அன்று அங்கே நடந்ததை நினைத்தால் அருவருப்பு அதிகமாகிறது.

செயலாளர் சரவணக்குமார் சேலத்துக்காரர். ஐ.டி. கம்பெனியில் வேலை, கோயில் கோபுரங்களை நீர்வண்ணத்தில் வரைவார். அவர் முதலில் ஒரு நல்ல செய்தி சொன்னார். அந்த ஓட்டல்காரர்கள் இன்னும் மூன்று கிளை திறக்கப் போகிறார்கள். எல்லாச் சுவருக்கும் நம்மிடமே படம் கேட்டிருக்கிறார்கள். உறுப்பினர் எல்லோருக்கும் வேலை உண்டு. கைதட்டினார்கள்.

கோவிந்தராஜ் எழுந்து, தான் பார்த்ததைச் சொன்னான். படத்தை இறக்கி வேறு இடத்தில் மாட்டும்படி கூட்டுறவு ஒரு கடிதம் எழுத வேண்டும் என்றான். புதன்கிழமைக்குள் என்றான்.

"கோவிந்து அண்ணா, உங்க கஷ்டம் புரியுது. ஆனா வித்தாச்சு. வித்ததுக்கு அப்புறம் அதை எங்க மாட்டறதுன்னு நாம எப்படிச் சொல்ல முடியும்?" என்றார் சரவணக்குமார்.

"மாட்டறது வேற சார். இது மூஞ்சியில கைய வெச்சித் தள்றாங்க."

"அது ஒரு தீம் அண்ணா. ஊர்ப்பக்கம் மாதிரி. அவமானப்படுத்தணும்னு பண்ணியிருக்க மாட்டாங்க."

தஞ்சாவூர் ஓவியம் கற்றுத்தரும் ஓர் அம்மாள், "ஒரு நாளைக்கு ஆயிரம் பேர் பாக்குறாங்க. நம்ம கூடத்துக்கு மாசத்துக்கு நூறு பேர் வர்றதில்ல. அப்படி நினைச்சுப் பாருங்களேன்" என்றார்.

"உங்க கிருஷ்ணரைக் கேட்டா குடுப்பீங்களா மேடம், அந்தக் கதவுக்கு?"

"சாமியைப் போய்... என்ன பேச்சு பேசுறீங்க!"

"சாமிக்கு வேணாம்னா எங்கக்காவுக்கு எப்டி மேடம் சரியாவும்?"

அம்மாள் கைப்பையைத் திறந்து எதையோ தேடினார். கோவிந்தராஜ் சிவராமனைப் பார்த்தான். கூட்டுறவில் அவனைச் சேர்த்துவிட்டவரே அவர்தான்.

"சாரு, நீங்க சொல்லுங்க. உங்க பெரியவரும் எதுத்தாப்புல தொங்குறாரு."

சிவராமன் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். "என் பெரியவர் யாரு தம்பி? பழைய காலண்டர்ல இருந்து பாத்துப் போட்டது. அவனுக்கு அக்கா இல்ல, தங்கச்சி இல்ல. தொங்கிட்டுப் போறான்." சிரிக்க வைக்கத்தான் சொன்னார். இரண்டு மூன்று பேர் சிரித்தும் விட்டார்கள்.

"எங்கக்கா காலண்டர் இல்ல சாரு. அஞ்சு ஞாயித்துக்கெழம என் எதிர்ல உக்காந்துது."

கையுயர்த்தச் சொன்னார் செயலாளர். கடிதம் வேண்டும் என்று கோவிந்தராஜின் கை ஒன்றுதான். வேண்டாம் என்று ஒவ்வொன்றாக உயர்ந்தன. சிவராமனின் கை கடைசியாக, காதுக்கு மேலே போகாமல், சொறிந்துகொள்வதைப் போல எழுந்து இறங்கியது.

படியிறங்கும்போது குழந்தை கேட்ட கேள்வி அவனுக்கு ஞாபகம் வந்தது. செத்ததும் வித்ததும் வேறு வேறு என்று அன்று எல்லோரும் அவளுக்கு விளக்கினார்கள். இன்று இவர்களைப் பார்த்தால், விற்றுப்போனது எதுவும் செத்துப்போனதுதான் போலிருக்கிறது. அதற்கு வலிக்காது, மானம் இருக்காது.

*

திங்கட்கிழமை பட்டறையில் அரைநாள் விடுப்புச் சொல்லிவிட்டு, காலை எட்டரைக்கெல்லாம் சென்னீர்குப்பம் போய்விட்டான். ஓட்டல் திறக்கப் பதினொன்றாகும். பின்வாசலில் கோழிக் கழிவு வாளிகளைச் சுற்றி நாய்கள். சமையலறைக் கால்வாய் மழையில் நிரம்பி, கொழுப்பு வெள்ளையாகப் படிந்து மிதந்தது. மூக்கைப் பொத்திக்கொண்டு தாண்டினான்.

சந்தில் அறுபது வயது மதிக்கத்தக்க ஒரு பெண் கதவைத் துடைத்துக்கொண்டிருந்தாள். அஞ்சலை என்று பிறகு தெரிந்தது. பக்கத்தில் இரண்டு வாளிகள். பெரிய வாளியில் கறுத்த தண்ணீர், கந்தல். அதைத் தொடாமல், இடுப்பில் செருகியிருந்த வெள்ளைத் துணியை எடுத்து, சின்ன வாளியின் நல்ல தண்ணீரில் நனைத்து, ஒரு ரூபாய் ஷாம்புப் பாக்கெட்டைக் கிழித்து ஊற்றி, முதலில் நாகம்மாவின் முகத்தைத் துடைத்தாள். கண், மூக்கு, வாய். பிறகு கழுத்து. பிறகு கை விரல்கள் ஒவ்வொன்றாக. அந்தத் துணியை அலசிப் பிழிந்து மறுபடி இடுப்பில் செருகிய பிறகுதான், கந்தலை எடுத்துக் கதவின் மற்ற இடங்களைத் துடைத்தாள்.

"ஏம்மா ரெண்டு துணி?" என்றான் கோவிந்தராஜ்.

அவள் திடுக்கிட்டுத் திரும்பினாள். "மூஞ்சியாச்சே நைனா. கக்கூஸ் தொடச்ச துணியாலயா மூஞ்சியைத் தொடைப்பாங்க? நீ யாரு, ப்ளம்பரா?"

"நான்தாம்மா இதைப் போட்டவன். எங்கக்கா இது."

அஞ்சலை படத்தையும் அவனையும் மாறிமாறிப் பார்த்தாள். "அதான பாத்தேன். உசிரோட கீற ஆளுன்னு தெரிஞ்சுது. காலையில தொடைக்கசொல்ல, 'இன்னாம்மா, நேத்து யார் யாரு அடிச்சாங்க உன்னை'ன்னு கேப்பேன். நானும் தனியாத்தான கீறேன் இங்க, பேச்சுத் தொணைக்கு. எதிர்ல கீற கெழவனையும் தொடைப்பேன். ஆனா அந்தாளு பேசற டைப்பு இல்ல."

கோவிந்தராஜுக்குச் சனிக்கிழமையிலிருந்து அடக்கியிருந்தது உடைந்துவிட்டது. சுவர்ப்பக்கம் திரும்பிக்கொண்டான். அஞ்சலை, அழுகிறவனைப் பார்த்துக்கொண்டிருக்கக் கூடாது என்று வாளியைத் தூக்கிக்கொண்டு உள்ளே போனாள்.

மேலாளர் ராகேஷ் பத்து மணிக்கு வந்தான். சின்ன வயது. கேட்டுவிட்டு உதட்டைப் பிதுக்கினான். "ஓனர் செலக்ட் பண்ணது சார். கழட்டினா என் வேலை போயிடும்."

"வேற ஒண்ணு போட்டுக் குடுக்கிறேன் சார். இதே தகடு, இதே சைஸு, இதே ஓட்டை. காசு எதுவும் வேணாம் எனக்கு."

"என்ன படம் போடுவீங்க? லேடீஸ்னு தெரியணுமே."

"கண்ணாடி வளையலு."

ராகேஷ் யோசித்தான். வாளியோடு வெளியே வந்த அஞ்சலை, "தம்பி, உங்கம்மா படத்தை யாராச்சும் தள்ளிகினு போனா நீ பாத்துகினு இருப்பியா?" என்றாள். சண்டையாக இல்லாமல், சாப்பிட்டாயா என்று கேட்பது போலக் கேட்டாள்.

அவன் திரும்பி நடந்தான். போகிற போக்கில், "நான் பத்து மணிக்கு மேலதான் ரவுண்ட் வருவேன். அதுக்கு முன்னாடி ரிப்பேர் வேலை எது நடந்தாலும் எனக்குத் தெரியாது. நாளைக்கே முடிங்க" என்றான்.

உலகம் இன்னும் முழுசாக நாறிப்போகவில்லை என்று நம்ப இதுபோல ஒரு சின்ன வார்த்தை போதும்.

அன்று மதியம் பட்டறையில் ஒரு கழிவுத் தகட்டை எடுத்துவைத்துக்கொண்டு உட்கார்ந்தான். யாராவது ஒரு பெண்ணின் முகத்தைப் போட்டால் வேலை சீக்கிரம் முடியும். ஆனால் எந்த முகத்தைப் போட்டாலும் அது யாராவது ஒருத்தியின் முகமாகத்தான் வரும். அதனால் பச்சையும் சிவப்புமாகப் பன்னிரண்டு வளையல்களை மட்டும் வரைந்தான். எனாமல் தானாகக் காய நாளாகும். அடுப்புக்காரனிடம் சொல்லி, மாலை கடைசித் தட்டோடு உள்ளே வைத்து இறுக்கி எடுத்தான்.

செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு நான்கு திருகாணிகளைக் கழற்றி மாட்டினான். துளைகள் மயிரிழை பிசகவில்லை. அஞ்சலை பழைய தகட்டைப் பிடித்துக்கொண்டாள். அவள் முட்டி இரண்டும் வீங்கியிருந்ததை அப்போதுதான் பார்த்தான்.

"போய்ட்டு வாம்மா" என்றாள் தகட்டிடம்.

*

மாலை நாகம்மா வேலையிலிருந்து வந்ததும் தகட்டைக் கொண்டுபோய் அவள் முன்னால் வைத்து, எல்லாவற்றையும் சொன்னான். எழிலரசி நிவேதிதாவைக் கடைக்கு அழைத்துப் போயிருந்தாள்.

நாகம்மா தோள்பையைக் கழற்றிக் கீழே வைத்தாள். பிறகு, "கதவுலயா?" என்றாள்.

"ம்."

"உள்ளயா, வெளியிலயா?"

"வெளியில. தள்ற பக்கம்."

"த்தூ" என்று வாசல்பக்கம் துப்பினாள். "எத்தினி நாளு?"

"மூணு வாரத்துக்கு மேல."

"நீ அன்னிக்கே பாத்துட்டு, சரியா பாக்கலன்னு சொன்ன."

"வாய் வரலக்கா. நான்தான் சொன்னேன் அந்தாளுகிட்ட, தண்ணி பட்டாலும் போவாதுன்னு. பீத்திகினேன். அதான் அங்க மாட்டிட்டானுங்க."

"நீ இன்னா பண்ணுவ. நல்ல பெயின்ட்டுன்னு சொன்ன. அவனுங்க புத்தி அப்டி." முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டாள். "எனக்கு அந்த எடம் ஒண்ணும் புதுசு இல்லடா. பதினெட்டு வருசமா அங்கதான் கீறேன். ஆனா அங்க என்னை யாரும் மூஞ்சியில கை வெச்சித் தள்ளல."

கோவிந்தராஜ் தலையைத் தூக்கவில்லை. நாகம்மா தகட்டை மடியில் எடுத்து வைத்துக்கொண்டு, விளக்குக்கு நேராகச் சாய்த்துப் பார்த்தாள். விரலால் தடவினாள். முகர்ந்தாள்.

"இதை யாரு தொடச்சிகினு இருந்தது?"

"ஏன்?"

"ஆசிட்டு போட்டிருந்தா இந்தப் பளபளப்பு செத்துப்போயிருக்கும். ஓரமெல்லாம் மங்கிகீது பாரு, அது கதவோட சேத்துத் தொடச்சது. மூஞ்சியும் கையும் மட்டும் புதுசா கீது. எவளோ ஒருத்தி தனியாத் தொடச்சிகீறா."

அவன் அஞ்சலையைப் பற்றிச் சொன்னான். வெள்ளைத் துணி, ஷாம்பு, காலையில் பேசுவது எல்லாம். வேலைக்காரியைப் பற்றி இன்னொரு வேலைக்காரி கேட்கிற கேள்விகளைக் கடைசியில் கேட்டாள்.

"எத்தினி ரூமு அந்தம்மாவுக்கு?"

"ரெண்டு பக்கமும் சேத்து எட்டு."

"தனி ஆளா?"

"தனி ஆளுதான். முட்டி வீங்கிகினு கீது."

"எப்ப துன்னுது?"

"ரெண்டரைக்கு. கூட்டம் கொறஞ்சதும், பின்னால குடோன்ல. அரை மணி நேரம்தான் உடுவாங்களாம்."

"மத்தியான கூட்டத்துக்கு அப்புறம் கீழ குனிஞ்சி எட்டு ரூமு..." என்று தனக்குள் சொல்லிக்கொண்டாள். தகட்டைச் சுவரோரம் சாய்த்துவிட்டு எழுந்தாள். "துன்ட்டுப் போடா. காலையிலயே வெண்டைக்கா போட்டுக் கொழம்பு வெச்சிகீறேன்."

*

புதன்கிழமை நாகம்மா தன்னோடு வேலை செய்கிறவர்களிடம், இன்னொரு நாள் போகலாம் என்று சொல்லிவிட்டாள். வீட்டில் கோயிலுக்கு என்று சொன்னாள். அது முழுப் பொய்யும் இல்லை. திருவேற்காட்டில் இறங்கி அம்மன் முன்னால் இரண்டு நிமிஷம் நின்றுவிட்டுத்தான் மறுபடி பஸ் ஏறினாள். பையில் அவளுடைய கம்பெனியின் நீலக் கோட்டு இருந்தது.

ஓட்டலின் பின்வாசலில் அதைப் போட்டுக்கொண்டாள். காவலாளி அவளைப் பார்த்தான், கோட்டைப் பார்த்தான், கைப்பேசிக்குத் திரும்பினான். கழிப்பறைக்காரியின் கோட்டு போட்டவளை யார் என்று எந்த ஊரிலும் யாரும் கேட்பதில்லை. இந்த ஒரு நாளைக்கு அது உதவியாக இருந்தது.

இரண்டரை. அஞ்சலை குடோனுக்குப் போய்விட்டிருந்தாள். வாளியும் மாப்பும் படிக்குக் கீழே இருந்தன. பந்தி முடிந்த நேரம். தொட்டியெல்லாம் சோறும் எலும்புத் துணுக்கும் அடைத்து, மஞ்சள் தண்ணீர் விளிம்பு வரை நின்றது. தரையில் ஈரக் காகிதம் மிதிபட்டு மாவாகிக் கிடந்தது. ஓர் அறையில் குழந்தைக்குக் கட்டிய டயப்பர் திறந்தபடி கிடக்க, இன்னோர் அறையில் யாரோ வாந்தி எடுத்துவிட்டு, தண்ணீர் ஊற்றாமல், கதவை மட்டும் ஒழுங்காகச் சாத்திவிட்டுப் போயிருந்தார்கள். இவ்வளவு உடுத்தி, இவ்வளவு தின்று, இப்படி விட்டுவிட்டுப் போக மனிதர்களுக்கு எப்படி மனசு வருகிறதோ.

நாகம்மா புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டாள். முதலில் தொட்டிகளின் அடைப்பைக் கையால் எடுத்தாள். அள்ளினாள், கொட்டினாள், பிரஷ் போட்டாள். ஆண்கள் பக்கம் யாரும் இல்லாத நேரம் பார்த்து அதையும் முடித்தாள். எட்டு அறைகள், இருபது நிமிஷம். ஒரு பெண் கைப்பேசியைக் காதில் வைத்துக்கொண்டே உள்ளே வந்து, அவளைப் பார்க்காமலே வெளியே போனாள்.

கடைசியாகத் தரை. வாளித் தண்ணீரை மாற்றி, உள் மூலையிலிருந்து ஆரம்பித்தாள். சந்தைக் கடந்து பின்படி வரை வந்து, மாப்பை அலசிப் பிழிந்து, காயும்படி தலைகீழாக நிறுத்தினாள். கோட்டைக் கழற்றிப் பையில் வைத்துக்கொண்டு பஸ் நிறுத்தத்துக்கு நடந்தாள்.

மூன்று மணிக்கு அஞ்சலை முட்டியைப் பிடித்துக்கொண்டு வந்தாள். கதவைத் தள்ளியவள் அப்படியே நின்றாள். தரை காய்ந்துகொண்டிருந்தது. வந்து போனவர் யார் என்று தெரிய ஒரு காலடித் தடம்கூட இல்லை. பின்பக்கமாகவே நடந்து, தன் தடத்தைத் தானே துடைத்துக்கொண்டு வெளியே வருவதுதான் அந்த வேலையின் முறை.